ஆரணியில் எத்தனை வீட்டுக்கு அனுமதி என்று சொல்லாதே, எத்தனை வீட்டில் தறி ஓடுகிறது என்று சொல்!

தோழர்களே,

ஒரு கணக்கு இருக்கு. காதுக்கு ரொம்ப இனிப்பான கணக்கு.

"இத்தனை வீடுகளுக்குக் கட்டட அனுமதி கொடுத்திருக்கோம். போன வருஷத்தைவிட இந்த வருஷம் கூடுதல். மக்கள் கையில் காசு புழங்குது, ஊர் வளருது."

இதை எந்த ஊர் மேடையில் சொன்னாலும் கைதட்டல் விழும். ஆரணியில் சொன்னால் இன்னும் கொஞ்சம் பலமாகவே விழும். ஏனென்றால் கண்ணெதிரே மாடி வீடுகள் எழும்புகின்றன. நெல் விளைந்த நிலத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். சிமெண்ட் மூட்டை ஏற்றிய வண்டி தெருத்தெருவாகப் போகிறது. "கண்ணால பாக்குறீங்களே, அப்புறம் என்ன வறுமை, என்ன நெருக்கடி?" என்று கேட்டால், சாதாரண மனுசன் பதில் சொல்ல முடியாமல் நிற்பான்.

நாம் நிற்கத் தேவையில்லை. பதில் இருக்கு. கொஞ்சம் பொறுமையாப் படிங்க. படித்துவிட்டு உங்கள் தெருவைத் திரும்பிப் பாருங்கள்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுவோம். கட்டட அனுமதி எண்ணிக்கையை வைத்துப் பொருளாதாரத்தை அளப்பது பொய்யான முறை இல்லை. உலகம் முழுக்க இருக்கிற முறைதான். அமெரிக்காவில் மாதாமாதம் எத்தனை குடியிருப்புகளுக்கு அனுமதி தரப்பட்டது என்று அரசே வெளியிடுகிறது. 2005-ல் அது உச்சத்துக்குப் போனது, 2006-ல் மளமளவென்று சரிந்தது, 2007 டிசம்பரில் நாடே மந்தத்தில் விழுந்தது. முன்கூட்டியே மணி அடித்தது அந்த எண்தான். நம் நாட்டிலும் ரிசர்வ் வங்கி இதற்கென ஒரு குழு போட்டது. பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையிலான அந்தக் குழு, வீட்டு அனுமதிகளை வைத்து ஒரு குறியீட்டெண் உருவாக்க 2009-ல் அறிக்கை கொடுத்தது.

காரணமும் எளிது. ஒரு குடும்பம் வீடு கட்டத் துணிகிறது என்றால் நாளைய வருமானத்தின் மேல் அதற்கு நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். கொத்தனார், சித்தாள், தச்சர், கம்பி கட்டுறவர், செங்கல் சூளை, டீக்கடை வரைக்கும் அந்தக் காசு நடக்கும். இதை நாம் மறுக்கவில்லை.

நம்ம கேள்வி வேற. *அந்தக் கணக்கு ஆரணிக்குப் பொருந்துமா?*

பொருந்தாது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*ஒன்று: எண் கூடினதுக்குக் காரணம் வீடா, விதியா?*

2024 ஜூலை 22-ல் தமிழ்நாடு அரசு சுயசான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி. இந்த வரம்புக்குள் வீடு கட்டுகிறவர் இணையத்தில் விண்ணப்பித்துப் பணத்தைக் கட்டினால் உடனடியாக அனுமதி. மக்களை அலையவிடாத நல்ல மாற்றம்தான், பாராட்டுவோம்.

ஆனால் கணக்கு என்ன ஆகும்? நேற்று வரை "யாருப்பா ஆபீஸ் ஆபீஸா அலையுறது" என்று அனுமதி வாங்காமலே கட்டியவர், இன்று வாங்கிக்கொண்டு கட்டுகிறார். கட்டப்படும் வீடு அதே வீடு. ஏட்டில் மட்டும் புதுசா ஒண்ணு கூடுது. வாசலைப் பெரிசாக்கினால் வரிசை வேகமாக நகரும். அதைக் காட்டி ஊரில் ஜனத்தொகை கூடிப்போச்சு என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றும் இருக்கு. இந்த வகை வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் கட்டாயமில்லை. அனுமதி வாங்கினவர் கட்டி முடித்தாரா, கடைக்காலோடு நின்றுவிட்டாரா, கூரை மட்டத்தில் காசு தீர்ந்து கம்பி துருப்பிடித்து நிற்கிறதா? ஏட்டுக்குத் தெரியாது. அனுமதி எண் ஆசையை அளக்கும். அடுப்பு எரிந்ததா என்பதை அளக்காது.

*இரண்டு: கணக்கில் வராதவன் யார்?*

கூலித்தறி நெய்கிற ஒரு நெசவாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரணியில் இருக்கலாம், முள்ளிப்பட்டில், தேவிகாபுரத்தில், ஒண்ணுபுரத்தில் இருக்கலாம். அப்பா காலத்து ஓட்டு வீடு. மழை வந்தால் ஒழுகுகிறது. வீடு கட்ட வேண்டும் என்று ஆசை. வங்கிக்குப் போகிறார்.

"சம்பளச் சீட்டு இருக்கா?" இல்லை. கூலி வருவது சேலைக் கணக்கில். சேலை அறுத்துக் கொடுத்தால் காசு, பாவு வரவில்லை என்றால் அந்த வாரம் காசு இல்லை.

"வருமான வரி கட்டின கணக்கு?" வருமானம் இருந்தால்தானே வரி!

"இடத்துக்குப் பட்டா?" தாத்தா காலத்திலிருந்து அதே இடத்தில்தான் இருக்கிறோம், ஆனால் காகிதம் யார் பேரில் இருக்கிறதோ தெரியாது.

"அங்கீகரிக்கப்பட்ட மனையா?" 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அந்தக் கட்டணத்தையும் அலைச்சலையும் தாங்க முடிந்தவர்கள் வரன்முறை செய்துகொண்டார்கள். தாங்க முடியாதவரின் மனை இன்றும் மண்ணாகவே கிடக்கிறது.

கடன் இல்லை, அதனால் வரைபடம் இல்லை, அதனால் அனுமதி இல்லை. கடைசியில் அவர் என்ன செய்வார்? வட்டிக்கு வாங்கி, ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகரம் போடுவார். ஒழுகுகிற மூலையில் தார்ப்பாய் கட்டுவார். இது எந்த அனுமதிக் கணக்கிலும் வராது. கட்டட அனுமதி ஏடு என்பது ஊரில் கடன் வாங்கத் தகுதி உள்ளவர்களின் பட்டியல். ஊரின் பட்டியல் அல்ல.

*மூன்று: கட்டுகிற காசு எங்கே சம்பாதித்த காசு?*

ஆரணியில் ஒரு வீடு எழும்பினால், அந்தக் காசு ஆரணித் தறியில் வந்ததா? அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவரின் பணமாக இருக்கலாம். வயலை மனைக்கு விற்றவரின் பணமாக இருக்கலாம். வெளிநாடு போன பையன் அனுப்பியதாக இருக்கலாம். செய்யாறு சிப்காட்டில் காலணி தைக்கும் பெண்ணும் ஒரகடத்தில் ஷிப்ட் பார்க்கும் தம்பியும் சேர்ந்து கட்டும் தவணையாக இருக்கலாம். எல்லாம் உழைத்த காசுதான், அதில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அதை எடுத்து வந்து "ஆரணியின் தொழில் செழிக்கிறது" என்று சொன்னால்? ஊருக்கு வெளியே சம்பாதித்து ஊருக்குள் கொட்டிய சிமெண்டை, ஊர் உற்பத்தி என்று எழுதுவதற்குப் பேர் பொருளாதாரமா?

*இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.*

மேலே சொன்ன மூன்றும் எந்தச் சிறு நகரத்துக்கும் பொருந்தும். ஆரணிக்கென்றே ஒன்று இருக்கிறது. அதை எந்த அதிகாரியும் மேடையில் சொல்வதில்லை.

*ஆரணியில் நெசவாளியின் வீடுதான் தொழிற்சாலை.*

2008-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டு, பெரிய ஆலைக் கட்டடத்தில் நெய்ததல்ல. வீட்டுக் கூடத்தில் நெய்தது. கூடத்தில் குழி தோண்டி, குழிக்குள் காலை விட்டு மிதிபலகையை மிதித்து, தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி தூக்கி, எதிரே பாவு நீட்டி நெய்த சேலை அது. ஒருவர் நெய்ய, வீட்டுப் பெண்கள் தார் சுற்ற, பாவு பிணைக்க, கோர்வை போட்டால் பக்கத்தில் இன்னொரு ஆள். குடும்பமே தொழிலாளர். வீடே பட்டறை.

குழித்தறிக்கு என்ன வேண்டும்? தரை வேண்டும். மாடியில் குழி தோண்ட முடியுமா? முடியாது. ஒரு தறியும் அதைச் சுற்றி நடக்க இடமும் என்றால் ஏறக்குறைய நூறு சதுர அடி வேண்டும். ஜக்கார்டு பெட்டி ஏற உயரம் வேண்டும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறாத தரைமட்டம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குழிக்குள் ஈரம் ஏறி, தறி நின்று, கூலி நின்ற வீடுகள் எத்தனை என்று நெசவாளர் தெருவில் கேளுங்கள்.

இப்போது அந்த வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுகிறார்கள் என்று வையுங்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்து மனை பாதியாகிவிட்டது. கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். டைல்ஸ் போட்ட தரை. குழிக்கு இடமில்லை. தறியைக் கழற்றி மரத்தை ஓரமாகச் சாத்தி வைக்கிறார்கள். வாடகை வீட்டுக்குப் போன நெசவாளியின் கதை இன்னும் மோசம். தரையைத் தோண்டிக் குழி வெட்டுகிறேன், விடியற்காலையில் தறிச் சத்தம் கேட்கும் என்றால் எந்த வீட்டுக்காரர் வீடு கொடுப்பார்?

இந்த வீட்டுக்கு நகராட்சி ஏட்டில் என்ன எழுதுவார்கள்? "பயன்பாடு: குடியிருப்பு. அனுமதி: ஒன்று." அவ்வளவுதான். *ஒரு தறி செத்தது எங்கேயும் பதிவாகாது. ஒரு வீடு கூடியது மட்டும் பதிவாகும்.* நஷ்டக் கணக்கையே லாபப் பக்கத்தில் எழுதுகிற விந்தை இது. நூறு வீட்டில் இப்படி நடந்தால், நூறு வளர்ச்சி என்று மேடையில் வாசிப்பார்கள்.

"வீட்டுக்குள்ள தறி இருக்கறது அரசாங்கத்துக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்பார்கள். தெரியும்! கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவச மின்சாரம் இருந்தது, 2023-ல் அது 300 யூனிட் ஆனது. யார் வீட்டில் தறி இருக்கிறது என்று பார்க்காமலா அந்தச் சலுகை தருகிறார்கள்? மின்சார வாரியத்துக்குத் தெரிகிற தறி, கைத்தறித் துறைக்குத் தெரிகிற தறி, கட்டட அனுமதி கொடுக்கிற மேசைக்கு மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

*வீட்டுத் திட்டங்கள் என்ன சொல்கின்றன?*

கலைஞர் கனவு இல்லம்: 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். ஊரகப் பகுதிக்கான திட்டம். ஆரணி நகராட்சி எல்லைக்குள் இருக்கிற நெசவாளி அதில் வரமாட்டார். எல்லைக்கு வெளியே இருப்பவருக்கு வீடு கிடைத்தாலும், 360 சதுர அடியில் நூறு சதுர அடியைத் தறிக்கு விட்டால் மிச்சத்தில் குடும்பம் எப்படிப் படுக்கும், எங்கே சமைக்கும்?

ஒன்றிய அரசின் பிரதமர் வீட்டுத் திட்டம்: கிராமத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாய். அதிலும் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், அதாவது 72,000 ரூபாய்தான். மிச்சத்தை மாநிலம் போட வேண்டும். பேர் மட்டும் முழுசா அவங்க பேரு! நகரத்தில் சொந்தமாக வீடு கட்ட உதவி வேண்டுமென்றால் சொந்த இடம் இருக்க வேண்டும். மறுபடியும் பட்டா. மறுபடியும் அதே கதவு, அதே பூட்டு.

இதோடு ஒரு கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். 2019-20 தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்குள் சம்பாதிக்கிறது. வருஷத்துக்கு 60,000. ஒரு குடும்பம் ஒரு வேளையும் சாப்பிடாமல், ஒரு மாத்திரையும் வாங்காமல், அப்படியே சேர்த்து வைத்தாலும் 3.5 லட்சத்துக்கு ஏறக்குறைய 6 வருஷம் ஆகும்! பட்டு நெசவில் கூலி இதைவிடக் கூட இருக்கலாம். ஆனால் அது எத்தனை பேர் உழைப்புக்குக் கிடைக்கிற கூலி என்பதையும் சேர்த்தே எண்ணுங்கள்.

அந்தக் குடும்பம் வாங்குகிற ஒவ்வொரு சிமெண்ட் மூட்டைக்கும் 2025 செப்டம்பர் வரை 28 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். எட்டு வருஷம் வாங்கித் தின்றுவிட்டு, அப்புறம் 18 ஆகக் குறைத்துவிட்டு விழா கொண்டாடினார்கள். நெசவாளர் குரலைக் கேட்க இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை, கொரோனா ஊரடங்கில் நெசவாளர்கள் தவித்த நேரத்தில், 2020 ஜூலை 27-ல் கலைத்தார்கள். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம். பதினோரு நாள்தான் பாக்கி! மாலை போடுவதற்கு முன்னால் மூச்சை நிறுத்தினார்கள்.

*"பிள்ளைங்க வேற வேலைக்குப் போறது நல்லதுதானே?"*

இந்தக் கேள்வி நியாயமானது. நேர்மையாகப் பதில் சொல்வோம்.

அப்பன் செய்த தொழிலைத்தான் மகன் செய்ய வேண்டும் என்று சொல்கிற கூட்டம் நாம் இல்லை. 1953-ல் வந்த குலக்கல்வித் திட்டத்தை அடுத்த வருஷமே விரட்டி அடித்த மண் இது. நெசவாளி மகள் மருத்துவராகட்டும், பொறியாளராகட்டும், அவள் விருப்பப்படி எதுவும் ஆகட்டும். தறி ஒரு சங்கிலியாக இருக்கக் கூடாது.

ஆனால் விரும்பிப் போவது வேறு, விரட்டப்பட்டுப் போவது வேறு. நாற்பது வருஷம் கை பழகிய ஒருவர், கூலி கட்டுப்படியாகவில்லை என்று ஐம்பது வயதில் காவலாளி வேலைக்குப் போவது முன்னேற்றம் இல்லை. சேலை உட்படப் பல வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்க 1985-ல் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் இருக்கும்போதே விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பேரில் கடைக்கு வருகிறது என்றால், நெசவாளி தோற்றது திறமையிலா, ஏமாற்றிலா?

தொழிலை விடுகிற உரிமை வேண்டும். அதே அளவுக்கு, தொழிலில் இருந்து மானத்தோடு வாழ்கிற உரிமையும் வேண்டும். ரெண்டும் இருந்தாத்தான் அதுக்குப் பேரு சுதந்திரம்.

*நாம் கேட்பது என்ன?*

1. கட்டட அனுமதிக் கணக்கை மாதாமாதம் ஊர்வாரியாக வெளியிடு. எத்தனை புது வீடு, எத்தனை மாடி ஏற்றம், எந்த அளவு மனை, எத்தனை வீடு கட்டி முடிந்தது என்று பிரித்துச் சொல். மொத்த எண்ணைக் காட்டி ஏமாற்றாதே.

2. ஆரணி போன்ற நெசவு ஊர்களில் அனுமதி விண்ணப்பத்தில் ஒரு கட்டம் சேர்: "இந்த மனையில் தறி இருந்ததா? புது வீட்டில் தறிக்கூடம் உண்டா?" ஒரு வரிதான். அந்த ஒரு வரி உண்மையைச் சொல்லிவிடும்.

3. அரசு வீட்டுத் திட்டங்களில் நெசவாளருக்குத் தரைத்தளத்தில் தறிக்கூடத்தோடு வீடு கொடு. அதற்குக் கூடுதல் இடமும் கூடுதல் பணமும் ஒதுக்கு. நகராட்சி எல்லைக்குள் இருக்கிறார் என்பதற்காக யாரையும் தள்ளாதே.

4. நீர்நிலை அல்லாத புறம்போக்கிலும் நத்தத்திலும் தலைமுறையாகக் குடியிருக்கும் நெசவாளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடு.

5. கூட்டுறவுச் சங்கத்தின் கூலிப் பதிவை வருமானச் சான்றாக ஏற்று வங்கிகள் வீட்டுக்கடன் தர வேண்டும். அதற்கு அரசு உத்தரவாதம் நிற்க வேண்டும்.

6. 1985 சட்டத்தைக் கடையிலும் கிடங்கிலும் நடைமுறைப்படுத்து. விலைவாசிக்கு ஏற்ப கூலியை உயர்த்து. கைத்தறி வாரியத்தை மீண்டும் அமை.

*தோழர்களுக்கு ஒரு வேலை.*

இதைப் படித்துவிட்டு லைக் போட்டுப் போய்விடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் நடங்கள். அஞ்சே கேள்வி:

பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் எத்தனை தறி?
இப்போது எத்தனை தறி ஓடுகிறது?
புதுசாகக் கட்டிய வீடு எத்தனை?
அதில் தறிக்கு இடம் வைத்துக் கட்டியது எத்தனை?
ஒழுகுகிற வீடு எத்தனை?

பெயர் வேண்டாம், எண் போதும். யாரையும் வற்புறுத்த வேண்டாம். பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், அவர்களே விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். அந்தத் தாளை நகரத்தில் பகுதி சபைக்குக் கொண்டுபோங்கள், ஊராட்சியில் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

அவர்கள் அனுமதிக் கணக்கை வாசிக்கட்டும். நாம் தறிக் கணக்கை வாசிப்போம். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து மக்கள் முடிவு செய்யட்டும்.

ஊர் உயர்ந்ததா என்று மொட்டை மாடியில் நின்று பார்த்தால் தெரியாது தோழர்களே. தறிக்குழியில் இறங்கிப் பாருங்கள். அங்கே ஈரமும் ஒட்டடையும் இருந்தால், மேலே எத்தனை மாடி ஏறினாலும் அது நெசவாளியின் வளர்ச்சி இல்லை.

தறி ஓடட்டும்! தறியோடு வீடும் எழட்டும்!
நெசவாளர் ஒற்றுமை ஓங்குக!

படித்தவர்கள் பகிருங்கள். நெசவாளர் தெருவில் இருக்கும் ஒருவருக்காவது இதை வாசித்துக் காட்டுங்கள்.

#ஆரணி #தறிக்கணக்கு_எங்கே #தறியோடு_வீடு #நெசவாளர்_உரிமை